குரைப்பது கேட்காத வீட்டுக்கு ஒரு நாய்

காது கேட்கும் கருவி அணிகின்ற பெண்கள், இரவு படுக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். வியர்வை படக்கூடாது, பற்றரி வீணாகக்கூடாது, பாயில் புரளும்போது காதை அழுத்தக்கூடாது என்று கிளினிக்கிலேயே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். அது சரிதான். ஆனால் தனியாகவோ சின்னப் பிள்ளைகளோடோ இருக்கிற ஒரு பெண்ணுக்கு, எந்த நேரத்தில் காது வேண்டுமோ அந்த நேரத்தில்தான் ஒன்றுமே கேட்காமல் போகிறது. கருவியே கிடைக்காதவள் பகலில் உதட்டைப் பார்த்து ஓரளவு விளங்கிக் கொள்வாள். இருட்டில் உதடும் தெரியாது.

வன்னியில் எறிகணை விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்து உயிர் தப்பியவர்கள் பலருக்கு வெளியில் தெரியாத காயம் காதில் இருக்கிறது. வெடிப்பின் அமுக்கம் செவிப்பறையைக் கிழித்துவிடும். சிறிய கிழிசல் சில கிழமைகளிலோ மாதங்களிலோ தானாக மூடிக்கொள்வதும் உண்டு. உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்துபோனால் அவை திரும்ப முளைப்பதில்லை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. இவர்களுடைய காதுக்குள் கேட்கிற இரைச்சல் முடியவில்லை. கையும் காலும் இழந்தவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு காதைப் பற்றிப் பேச அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. வளர்ந்த பிறகு கேள்வி போனதால் சைகை மொழியும் தெரியாது. (காதில் சீழ் வடிகிறவர்கள் தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே இறங்கித் தீங்கு செய்யும். காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.)

இப்படியான பெண்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்கிற புத்திமதி ஒன்று: "ஒரு நாயை வளர் பிள்ளை." முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டில், அந்தப் புத்திமதியைக் கேட்டு அம்மா ஒருவர் இரண்டு நாய் வளர்த்தார். ஓர் இரவு கிணற்று மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்ததும் பக்கத்து வளவுக்காரர் வந்து, "உங்கட நாய்கள் இரவு முழுக்கக் குரைச்சுது, நீங்கள் எழும்பேல்லையோ?" என்று கேட்டாராம். அம்மா என்னிடம் சொன்னார்: "அது குரைச்சு எனக்கென்ன பிரயோசனம் தங்கச்சி? மற்ற ஆக்களின்ர நித்திரைதான் கெடுது."

நாயின் குரைப்பு இரண்டு பேருக்குப் போய்ச் சேருகிறது. ஒருவர் வளவுக்குள் வருகிறவர், மற்றவர் அயலவர். காது கேட்காத வீட்டுக்காரிக்கு அது போய்ச் சேருவதே இல்லை. அவளுக்கு வேண்டியது, சத்தம் கேட்டதும் ஓடிவந்து அவளைத் தொடுகிற நாய். பெரிய நாய், பொல்லாத நாய், ஊரே பயப்படுகிற நாய் என்று தேடுவது இந்தத் தேவைக்குப் பொருந்தாது.

இது புதிய யோசனையல்ல. பிரித்தானியாவில் 1982ஆம் ஆண்டிலிருந்து காது கேளாதோருக்கென்றே நாய்களைப் பயிற்றி வழங்குகிறார்கள். வாசல் மணி அடித்தால், குழந்தை அழுதால், அந்த நாய் வந்து காலாலோ மூக்காலோ தொட்டு, சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். தீ அபாய மணி அடித்தால் கூட்டிக்கொண்டு போகாமல் தொட்டுவிட்டு அதே இடத்தில் படுத்துவிடும். ஆபத்து என்று அதற்கு அர்த்தம். அப்படி முழுமையாகப் பயிற்றிய நாய் எங்கள் கிடுகு வேலிக்குள் வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பயிற்சியின் அடிப்படை மிக எளிது. ஊர் நாய்க்கும் அது பிடிபடும். மனிதக் காது ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். நாயின் காது 40,000க்கு மேலும் கேட்கும். அந்தக் காதை நாங்கள் இரவல் வாங்கப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

எந்த நாயை எடுப்பது?

குட்டி என்றால் தாயிடம் இரண்டு மாதமாவது இருந்திருக்க வேண்டும். அதற்கு முன் பிரித்த குட்டி பயந்ததாகவோ கடிக்கிறதாகவோ வளரலாம். என்னுடைய அபிப்பிராயம், தனியாக இருக்கும் பெண்ணுக்குக் குட்டியைவிட ஒன்றிரண்டு வயது நாய் நல்லது. குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிந்த வீட்டில் "இதைப் பார்க்க ஆளில்லை" என்று சொல்லும் நாய் கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம்.

பார்க்கப் போகும்போது காது கேட்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாய்க்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். பிறவியிலேயே செவிடான நாய்கள் இருக்கின்றன. உடம்பு முழுக்க வெள்ளையாக உள்ள நாய்களிலும் நீலக் கண் உள்ளவற்றிலும் அது கூடுதலாகக் காணப்படுகிறது. நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு தகரத் தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். வாலை மடித்துக்கொண்டு ஓடிப்போய் ஒளித்துத் திரும்பி வராத நாய் வேண்டாம். துள்ளி எழும்பி, பிறகு என்னவென்று பார்க்க வருகிற நாய்தான் வேண்டும். கடைசியாக நீங்களே நிலத்தில் குந்தியிருந்து பாருங்கள். அது வந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? மனிதரின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ள நாய்க்குப் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

கடுவனா பெட்டையா என்று கேட்பார்கள். சந்தையடியிலும் சந்தியிலும் கொண்டுவந்து விடப்படுகிற குட்டிகளில் அநேகமானவை பெட்டைகள். குட்டி போடுமே என்ற பயம்தான் காரணம். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. இலவசமாகச் செய்யும் நாட்கள் உங்கள் பக்கத்தில் எப்போது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கால்நடை வைத்தியரிடமோ கேட்டுப் பாருங்கள். பெட்டை வளவை விட்டு அலைவதும் குறைவு. பெட்டை என்பதற்காக யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. அது எங்களுக்குத் தெரியாததா?

பழக்குவது எப்படி?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். நீங்களும், காது கேட்கிற ஒருவரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போதும்; பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. முதல் ஒரு கிழமைக்குச் சத்தமே வேண்டாம். கையில் ஒரு துண்டு கருவாட்டையோ அவித்த ஈரலையோ வைத்துக்கொண்டு, மற்றக் கையால் முழங்காலைத் தட்டிக் காட்டுங்கள். நாய் வந்து முழங்காலில் மூக்கையோ காலையோ வைத்த அந்தக் கணத்தில் துண்டைக் கொடுங்கள். முழங்காலைத் தொட்டால் சாப்பாடு என்பது அதன் மனதில் பதியட்டும்.

பிறகு பிள்ளையைப் படலையடிக்கு அனுப்புங்கள். பிள்ளை படலையைத் தட்டும். நாய் குரைத்துக்கொண்டு அங்கே ஓடும். நீங்கள் முழங்காலைத் தட்டிக் காட்டுங்கள். வந்து தொட்டால் துண்டு. எழும்பி நாயோடு படலைக்குப் போங்கள், அங்கேயும் ஒரு துண்டு. நாளுக்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் அதுவும் களைத்துவிடும். சில கிழமைகளில், நீங்கள் முழங்காலைத் தட்டிக் காட்டாமலே படலைச் சத்தம் கேட்டதும் உங்களிடம் வரத் தொடங்கும். அதற்குப் பிறகு நீங்கள் அடுப்படியில் வேலையாக நிற்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, கடைசியில் பாயில் படுத்திருக்கும்போது என்று ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். படுத்திருப்பவரைத் தொட்டு எழுப்பப் பழகுவதற்குத்தான் நாள் எடுக்கும். விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியதே அதுதான்.

படலை, பிள்ளையின் அழுகை, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று மூன்று சத்தம் போதும். எல்லாவற்றையும் பழக்கப் போனால் ஒன்றும் பழகாது. நாயைக் கூப்பிட உங்களுக்கு நாயின் பதில் கேட்க வேண்டியதில்லை. கை அசைவுக்கு அது வார்த்தையைவிட விரைவாகப் பழகும். இரவில் ரோச் லைற்றை இரண்டு தரம் மின்னினால் வரவேண்டும் என்றும் பழக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: அடிக்கக் கூடாது. அடி வாங்கிய நாய் சத்தம் கேட்டால் உங்களை விட்டு விலகி நிற்கும், தொட வராது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாயும் இதற்கு உதவாது.

தெரிந்த ஆள் வந்தால்?

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2011 ஓகஸ்ட் மாதத்தில் 'மர்ம மனிதன்' பயம் பரவியபோது பெண்கள் ஒரே வீட்டில் கூட்டமாகப் படுத்தது வாசகிகளுக்கு நினைவிருக்கும். அப்போது எல்லோரும் பயந்தது முகம் தெரியாதவனுக்கு. எங்களிடம் முறைப்பாடு சொல்ல வருகிற பெண்கள் பேசுவதோ பெரும்பாலும் முகம் தெரிந்தவனைப் பற்றி. உறவுக்காரன், கடன் கொடுத்தவன், உதவி செய்கிறேன் என்று வந்து போகிறவன். அவனுக்கு நாய் குரைக்காது. வாலை ஆட்டும். எத்தனை நாய் வளர்த்தாலும் இதுதான் நடக்கும்.

தொடப் பழகிய நாய் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. படலை அசைந்தால் தொடு என்று பழகிய நாய், வருகிறவர் யாரென்று பார்த்துத் தொடுவதில்லை. வாலை ஆட்டிக்கொண்டும் வந்து தொடும். ஆகவே பழக்கும்போது புது ஆட்களை மட்டும் படலைக்கு அனுப்பாதீர்கள். நாய்க்கு நன்றாகத் தெரிந்த சித்தப்பா, அண்ணன், பக்கத்து வீட்டு மாமா எல்லோரையும் ஒவ்வொரு நாள் தட்டச் சொல்லுங்கள். எவர் வந்தாலும் அறிவித்தால்தான் துண்டு. இரவில் கதவைத் திறப்பதா இல்லையா என்பதை எழும்பி நின்று நீங்கள் தீர்மானிக்கலாம்.

அதற்கு நாய் உள்ளே படுக்க வேண்டும். இங்கேதான் வீடுகளில் சண்டை வருகிறது. "சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ள நாயோ?" என்று மாமியார் கேட்பார். வைரவருக்கு வாகனம் நாய்தான் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்; சில வீடுகளில் எடுபட்டது, சில வீடுகளில் இல்லை. விறாந்தையில் கதவோரம், நீங்கள் படுக்கும் இடத்துக்கு வர வழி விட்டு ஒரு சாக்கு விரித்தாலும் போதும். நாய் வளர்க்க மார்க்கம் இடம் தராத முஸ்லிம் சகோதரிகளும், நாயென்றாலே உடம்பு நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் அசைந்தால் தானாக எரியும் சூரிய ஒளி விளக்கை, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி யன்னலுக்கு வெளியே பூட்டுவதும், அதிரும்படி வைத்த கைத்தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்து அயலவரிடம் அழைப்பு எடுக்கச் சொல்லி வைப்பதும் அவர்களுக்கு உதவும்.

நாய் வந்தால் விசர்நோய்த் தடுப்பூசி கட்டாயம். ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுகிறார்கள். ஊரில் எப்போது போடுகிறார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். அறிவித்தலை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவார்கள், உங்களுக்குக் கேட்காது. அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எந்த நாய் கடித்தாலும், குட்டி கீறினாலும், உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய், எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. ஊசிக்குக் காசில்லை. நோய் வெளியில் காட்டிய பிறகு வைத்தியம் இல்லை.

சாப்பாட்டுக்குப் பெட்டியில் விற்கும் தீன் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு மனிதர் சாப்பாட்டின் விலையே எங்களுக்குத் தெரியும். சோறும் மீன் தலையும் போதும். வெங்காயம் போட்ட கறியும், முள்ளாக உடைகிற அவித்த கோழி எலும்பும் மட்டும் வேண்டாம். யானை வருகிற ஊர்களில் விறகுக்கோ காட்டுக்கோ போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது யானையைக் குரைத்துக் கோபப்படுத்திவிட்டு, தப்புவதற்கு நேராக உங்களிடம்தான் ஓடிவரும். பின்னால் யானை வருவது உங்களுக்குக் கேட்கப் போவதில்லை.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நாய் தொட்டு எழுப்பியதும் என்ன செய்வது? பொலிசின் 119, பெண்களுக்கான 1938 இரண்டும் பேசிக் கேட்கிற இலக்கங்கள். உங்களால் பேச முடியும், மறுமுனையில் கேட்பதைத்தான் கேட்க முடியாது. ஆகவே அயலில் ஒரு வீட்டோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். கிணற்று மோட்டரைப் பறிகொடுத்த அந்த அம்மா இப்போது ஒரு பெட்டையைப் பழக்கியிருக்கிறார். அது தொட்டால் அவர் ரோச் லைற்றைப் பக்கத்து வளவு மாமரத்தில் மூன்று தரம் அடிப்பார். அவர்கள் எழும்பித் தங்கள் வெளிவிளக்கைப் போட்டால், ஆள் எழும்பிவிட்டது என்று அவருக்குத் தெரியும். அது எரியும் வரைக்கும் கதவைத் திறப்பதில்லை என்று இரண்டு வீடும் பேசி வைத்திருக்கிறது.