பங்குனியில் புறப்படும் பறவைகள்

தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் பந்து விளையாடும் பிள்ளைகள் ஒரு பறவையைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். புறாவைவிடச் சற்றுச் சிறியது. நீண்ட கால்கள். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடியும் நாலடி ஓடும். புல் நிறத்துக்கும் மண் நிறத்துக்கும் நடுவில் ஒரு மங்கல் நிறம். பந்து பக்கத்தில் உருண்டு வந்தால்தான் எழுந்து பறக்கும். இதற்குப் பொன்னிற உப்புக்கொத்தி என்று பெயர்.

இந்தப் பறவை நம் திடலில் பிறந்ததன்று. சைபீரியாவிலோ, அதற்கும் அப்பால் அலாஸ்காவிலோ, மரமே முளைக்காத பனிவெளியில் முட்டையிலிருந்து வெளிவந்தது. செப்டம்பர் வாக்கில் நம்மிடம் வந்து, ஏப்ரல் வரையில் புழு பூச்சி தின்று வாழ்கிறது. பங்குனி மாதத்தில் அதைக் கூர்ந்து பாருங்கள். முதுகில் பொன் தூவியது போலப் புள்ளிகள் தெளியும். வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வரும். கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு நாள் காலையில் திடல் வெறுமையாக இருக்கும்.

நம் நாட்டில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, அவ்வளவுதான். ஆனால் நமக்குப் பங்குனி சித்திரை ஆகும்போது வட நாடுகளில் பனி உருகத் தொடங்குகிறது. கோடை பிறந்ததும் அங்கே சூரியன் மறையாத நாட்கள் வரும். கொசுவும் பூச்சியும் மேகம் போல எழும். குஞ்சுகள் முட்டையை உடைத்துக்கொண்டு வந்த நாளிலேயே ஓடி ஓடித் தாமே இரை பொறுக்கும். இருபத்து நாலு மணி நேரமும் வெளிச்சம் இருப்பதால் சாப்பாட்டுக்கு நேரம் காலம் இல்லை. குடும்பம் நடத்த அதைவிட நல்ல இடம் அவற்றுக்கு இல்லை. ஆகஸ்டு பிறந்ததும் அங்கே குளிர் தலைகாட்டும், பூச்சியும் குறையும். உடனே தெற்கே திரும்பிவிடும்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. சத்திமுத்தப் புலவர் வறுமையோடு மதுரையில் குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது, செங்கால் நாரையைத்தான் தம் மனைவிக்குத் தூது அனுப்பினார். தெற்கே குமரிக்குப் போய்விட்டு வடக்கே திரும்பும் நாரை அது என்று அவருடைய பாட்டே சொல்கிறது. வலசை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கண்ணால் பார்த்துத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

இன்னொரு விருந்தாளியும் உங்களுக்குப் பழக்கமானதுதான். பட்டணத்துக் கடைத்தெருவில் பொழுது சாயும் நேரத்தில் மின்கம்பிகளில் வரிசை வரிசையாக வந்து உட்காரும் சிறு குருவிகள். மலாய்க்காரர்கள் லாயாங்-லாயாங் என்பார்கள். தமிழில் தகைவிலான். கீழே காரை நிறுத்தியவர் காலையில் வந்து தலையில் கை வைப்பார்! அவையும் வடக்கிலிருந்து வந்தவைதாம். 1963 முதல் 1971 வரையில் ஆசியா முழுவதும் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடும் பெரிய வேலை ஒன்று நடந்தது. எலியட் மெக்ளூர் என்ற அமெரிக்க அறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் போட்டார்கள். மலேசியாவும் அதில் பங்கு கொண்டது. ஓரிடத்தில் மாட்டிய வளையம் வேறு தேசத்தில் அகப்படும்போது, பறவை போன வழி புலப்படுகிறது. இப்போது நகத்தளவு கருவியை முதுகில் பொருத்தி, செயற்கைக்கோள் மூலமாகவே வழியைப் பார்த்துவிடுகிறார்கள்.

திடலும் கம்பியும் இருக்கட்டும். உண்மையான திருவிழா நடப்பது சேற்றில்.

சென்ற பங்குனியில் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து நாங்கள் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து புறப்பட்டோம். ஸ்ரீ கெம்பாங்கானைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்து முடித்த பிறகு எஞ்சிய பள்ளங்கள்தாம் இன்றைய குட்டைகள். அவற்றின் ஓரத்திலேயே பார்க்கத் தொடங்கலாம். பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே கரையோரம் நடக்கும் உள்ளான், கம்பியிலிருந்து பாய்ந்து தும்பியைப் பிடிக்கும் நீலவால் பஞ்சுருட்டான் ஆகிய இரண்டும் வலசை வருபவை. ஆனால் எங்கள் பயணம் கடற்கரைக்கு. செர்டாங்கில் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலுள்ள சென்ட்ரலில் மாறி, கிள்ளானில் இறங்கி, காப்பார் சாலை வழியாக ஜெராம் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே போனதும் ஒரு பையன், "என்ன இது, வெறும் சேறுதானே!" என்று முகம் சுளித்தான். உண்மைதான். மணலும் இல்லை, குளிக்கவும் முடியாது. தண்ணீர் வற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. தொலைவில் எள் தூவினாற் போல ஏதோ அசைந்தது. அவைதாம் பறவைகள் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.

நாங்கள் செய்த தவறு அது. நேரம் பார்க்காமல் போய்விட்டோம். சேற்றுக் கரையில் பறவை பார்க்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. கடலைப் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் உண்டு. நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெகு தூரத்துச் சேற்றில் பரவி மேயும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். பறவைகள் நம்மை நோக்கி நெருங்கி வரும். ஆகவே நீர் உச்சத்துக்கு ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கரையில் போய் அசையாமல் உட்கார வேண்டும். நேரத்தை மீனவர்களைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். நாங்களும் ஒரு மீனவரைக் கேட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்று காத்திருந்தோம்.

பிற்பகலில் கடல் திரும்பியது. எள் கடுகாயிற்று, கடுகு கோழியாயிற்று. அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கூட்டமாக எழுந்து, ஒரே போர்வையை உதறினாற் போல வானத்தில் திரும்பி, ஒரு கணம் வெள்ளையாக மின்னி, மறு கணம் கறுத்து, மறுபடியும் சேற்றில் இறங்கின.

சிலாங்கூர், கிள்ளான், லங்காட் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல்தான் இந்தச் சேறு. கரையோரத்துப் பாக்காவ் மரங்கள், தமிழில் கண்டல் என்போம், வேர்களால் அதைப் பிடித்து வைக்கின்றன. உள்ளே புழுவும் நண்டும் சிப்பியும் கெராங்கும் நிறைந்து கிடக்கின்றன. ஒரு சேற்றிலேயே இத்தனை வகைப் பறவைகள் சண்டையில்லாமல் மேய்வது எப்படி? அலகைப் பாருங்கள், விளங்கும். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். மேலே தெரிவதை மட்டும் ஓடிக் கொத்தும். சிவந்த கால்களையுடைய பவளக்காலி விரல் நீள அலகால் சற்று ஆழத்தில் தேடும். மூக்கன் என்ற பறவை நீண்ட அலகை அடிவரை செருகும். அதன் நுனியில் தொடு உணர்ச்சி உண்டு, கண்ணால் காணாத புழுவைத் தடவியே கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரியது அரிவாள் போல் வளைந்த அலகுடைய கோட்டான். கோட்டான் என்றால் நமக்கு ஆந்தைதான் நினைவுக்கு வரும், இது வேறு. நண்டு வளைக்குள் அந்த அரிவாள் கச்சிதமாக நுழைகிறது. எந்தக் கொல்லன் அடித்தானோ!

பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடையை வைத்தே பாதிப் பறவைகளை அடையாளம் சொல்லலாம். காலையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் பிடித்து விட்ட பறவைகளுக்கு மஞ்சள் நிறக் கொடி போன்ற சிறு பட்டை மாட்டியிருப்பார்கள். எங்கே, எந்த நாளில், என்ன நிறம் என்று குறித்து மலேசிய இயற்கைக் கழகத்துக்கு எழுதினால், அது அறிஞர்களுக்குப் போய்ச் சேரும். 1940-இல் தொடங்கிய கழகம் அது. கோல சிலாங்கூரில் 1987-இல் அமைந்த இயற்கைப் பூங்கா அந்தக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து உருவாக்கியது. அங்கே நடைபாதையும் பார்வைக் கோபுரமும் இருப்பதால் சிறு பிள்ளைகளோடு போவதற்கு ஜெராமைவிட அதுவே சௌகரியம்.

இனி, இவை எப்படிப் போகின்றன என்ற கேள்வி. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னிருந்தே பறவை ஓயாமல் தின்கிறது. தின்றது கொழுப்பாகத் தோலுக்கடியில் சேர்கிறது. அதுதான் பெட்ரோல். நெடுந்தூரம் பறக்கும் மூக்கனின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பாகவே ஆகிவிடுமாம். வியப்பு அதோடு முடியவில்லை. புறப்படும் தறுவாயில் அதன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் சாப்பிடப் போவதில்லையே, வீண் சுமை எதற்கு? பெரும்பாலும் மாலையில் எழுந்து இரவிலும் பறக்கும். சூரியனும் நட்சத்திரமும் பூமியின் காந்த சக்தியும் வழி காட்டுகின்றன.

2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 13,560 கிலோமீட்டர். 11 நாட்கள் இரவு பகலாக, இறங்காமல், தின்னாமல், குடிக்காமல். அப்போது அதற்கு வயது ஐந்து மாதம்தான். அந்த இனத்தில் தாய் தகப்பன் முன்னே போய்விட, குஞ்சுகள் பிறகு தாமே வழி கண்டு வருவதும் உண்டு. நம் கரைக்கு வரும் பட்டைவால் மூக்கன் இதற்கு நெருங்கிய உறவு.

நம் கரையில் இறங்குபவை எல்லாம் அப்படி ஒரே மூச்சில் போவதில்லை. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே 22 நாடுகளின் மேல் செல்கிறது இந்த ஆகாயப் பாதை. 5 கோடிக்கும் அதிகமான நீர்ப்பறவைகள் அதில் போய் வருகின்றன. பாதையில் அங்கங்கே தங்குமடங்கள். நம் சேறு ஒரு மடம். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் சேறு மற்றொன்று. வடக்கே போகையில் அதுதான் பெரிய மடம். அங்கே தின்று கொழுத்தால்தான் கடைசிக் கட்டத்தைக் கடக்க முடியும்.

தென் கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில், 2006-இல், கடலுக்குக் குறுக்கே 33 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே இருந்த சேறு காய்ந்தது. கிரேட் நாட் என்று ஆங்கிலத்தில் சொல்லும் பருத்த உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே இறங்குவது வழக்கம். அவை பக்கத்துக் கரைகளுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது பக்கத்துக் கரைகளில் அந்தக் கணக்கு கூடவில்லை, ஆஸ்திரேலியாவில் குறைந்தது. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயம் இருந்த இடமும் தெரியாது, கோயில் மரமும் இருக்காது. எங்கே நிற்கிறோம் என்றே புரியாது. அந்த உள்ளானுக்கோ, நின்று யோசிக்கவும் கொழுப்பு மிச்சமில்லை.

நல்ல செய்தியும் உண்டு. சீனாவின் மஞ்சள் கடல் சேற்றுக் கரைகளில் ஒரு பகுதியை 2019-இலும், கொரியாவின் சேற்றுக் கரைகள் சிலவற்றை 2021-இலும் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. நம் பக்கம்? கிள்ளான் துறைமுகம் வளர வளரக் கண்டல் காடுகள் குறைந்தன. நீர் ஏறும் வேளையில் பறவைகள் ஒதுங்க இடமில்லாமல், காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கில் ஒண்டி நின்றதைப் பறவை நோக்கர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்தார்கள். அவற்றுள் நார்ட்மன் பச்சைக்காலியும் ஒன்று. உலகம் முழுவதிலும் இரண்டாயிரத்துக்கு மேல் இராது என்று கணிக்கப்படும் பறவை அது. வேலை கொடுக்கும் துறைமுகத்தை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். ஒதுங்க நாலு ஏக்கர் விட்டுவைப்பது முடியாத காரியமா என்றுதான் கேட்கிறோம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. திடலில் நிற்கும் உப்புக்கொத்தி மேல் லாஸ்டிக் அடிப்பதில் என்ன வீரம் இருக்கிறது? வலை கட்டிப் பிடிப்பதும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது; அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளி, சிறையும் உண்டு.

சித்திரை முடிந்ததும் கரை அநேகமாகக் காலியாகிவிடும். அப்போது போனால் ஒன்றும் இராது என்று எண்ண வேண்டாம். வைகாசி, ஆனியிலும் சேற்றில் மங்கிய நிறத்தில் சில பறவைகள் தனித்து மேய்ந்துகொண்டிருக்கும். புதுச்சட்டை போடாதவை. அவற்றில் பெரும்பாலானவை சென்ற ஆண்டு பிறந்த இளசுகள். கூடு கட்டும் பருவம் வராததால் முதல் வருஷம் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுகின்றன. ஆகஸ்டில் முதல் கூட்டம் திரும்பி வந்து இறங்கும்போது, சேற்றில் அவை நின்றுகொண்டிருக்கும்.