மணலை மீனும் களப்பின் வாயும்

திருகோணமலைத் துறைமுகத்தின் கரையோரங்களிலும், கிண்ணியாவுக்கு மேற்கே விரிந்துள்ள தம்பலகாமக் குடாவிலும், மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலும் கூட்டங்கூட்டமாகத் திரியும் மீன்களுள் மணலையும் ஒன்றாகும். தமிழ்நாட்டார் இதனை மடவை என்பர். மணலையில் இனங்கள் பல உள. அவற்றுள் மிகப் பெரிதாக வளரும் முகில் செபாலஸ் என்னும் இனமே இங்குக் கூறப்படுவது.

இதன் உடல் உருண்டு நீண்டது. தலை அகன்று தட்டையானது. முதுகில் இரண்டு செட்டைகள் தனித்தனியே அமைந்துள்ளன. முன்செட்டையில் நான்கு முட்கள் உண்டு. கண்ணைக் கொழுப்பாலான ஒரு படலம் மூடியிருத்தல் இவ்வினத்தை அறிதற்குரிய நல்ல அடையாளம்.

மணலை பிற மீன்களைத் துரத்தி உண்பதன்று. சேற்றின் மேற்படையில் படிந்துள்ள நுண்ணிய பாசிகளையும், அழுகிய இலைதழைகளின் துகள்களையும் மணலோடு சேர்த்து வாயில் அள்ளும். வேண்டாத மணலின் ஒரு பகுதியைச் செவுள்வழி வெளியேற்றும். எஞ்சிய மணல் வீண்போவதில்லை. கோழியின் அரைவைப்பையைப்போலத் தடித்த தசையுடைய இரைப்பையில் அம்மணலே உணவை அரைக்க உதவுகின்றது. மீனைத் தீனியாகக் கோத்த தூண்டிலை இம்மீன் பெரும்பாலும் நாடாமைக்குக் காரணம் இதுவே.

கடல்நீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு அளவினது. மணலையோ நன்னீரிலும், கோடையில் வற்றிக் கடலினும் இருமடங்கு உவர்த்த களப்பு நீரிலும் உயிர்வாழ வல்லது. ஆயினும் களப்பில் அது முட்டையிடுவதில்லை. ஏறக்குறைய மூன்று வயதில் முதிர்ந்தபின் கூட்டமாகக் கடலுக்குச் சென்று, அங்கேயே முட்டையிடும். ஒரு பெண்மீன் தன் பருமனுக்கேற்ப 5 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை முட்டைகள் இடும். இரண்டு நாட்களில் அவை பொரிக்கும். அப்பொழுது குஞ்சின் நீளம் இரண்டரை மில்லிமீற்றருக்கும் குறைவு. 16 முதல் 20 மில்லிமீற்றர் அளவை எட்டியதும் குஞ்சுகள் கரையை நாடி, முகத்துவாரங்களின் வழியே களப்புகளுட் புகுகின்றன. அங்கு முதலில் நுண்ணுயிர்களையும் நுளம்புக் குடம்பிகளையும் தின்று, வளர வளரச் சேற்றுணவுக்கு மாறுகின்றன.

எனவே களப்பின் வாய் இம்மீனுக்கு இருமுறை திறந்திருத்தல் வேண்டும்: குஞ்சாக வரும்போது ஒருமுறை, தாயாகப் போகும்போது ஒருமுறை. தம்பலகாமக் குடாவின் வாய் என்றும் திறந்தே இருப்பது பெரும்பேறு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சிறு களப்புகளின் வாயைக் கோடையில் மணற்றிட்டு அடைத்துவிடும். மாரி வெள்ளமே அதனை உடைக்கும். அவ்வாய் உடைந்த நாட்களில் குறுக்கே வலை கட்டினால் வலையில் அகப்படுவது சினைமீனும் குஞ்சுமேயாம். அன்று கிடைக்கும் கூடை பெரிதுதான். ஆனால் அடுத்த ஆண்டுகளின் கூடைகளும் அதனுள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெடிவைத்து மீன்பிடித்தல் இதனினும் கேடானது. அதனையும் நஞ்சிட்டுப் பிடித்தலையும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் தடைசெய்துள்ளது.

கரையோரக் கண்டல் மரங்கள் குஞ்சுகளுக்கு மறைவிடமும் உணவும் ஆவன. நீர்கொழும்புக் களப்பின் மீனவர் மரக்கொம்புகளை நீரில் நெருக்கமாக நட்டு, அவற்றினிடையே வந்து சேரும் மணலை முதலிய மீன்களைச் சில வாரங்களின்பின் வலையால் வளைத்துப் பிடிப்பர். வேரோடு நிற்கும் கண்டற்காடு அவ்வேலையைச் செலவின்றிச் செய்கின்றது. விறகுக்காக அதனை வெட்டுவோர் இதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, இத்துண்டுப்பிரசுரம் நெற்செய்கையாளர் கைக்கும் செல்வதன் காரணம் யாதெனில், கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்களின் கழிவுநீர் அண்டையிலுள்ள குடாவையே சென்றடைகின்றது. நீரோடு செல்லும் கிருமிநாசினியின் ஒரு பங்கு சேற்றிற் படிகின்றது. சேற்றின் மேற்படையையே உண்ணும் மணலை, அந்நஞ்சையும் சேர்த்தே உண்ண நேரும். ஆதலின் மருந்து தெளித்த வயலின் நீரை உடனே திறந்துவிடாது, மருந்துக் கொள்கலத்தில் குறித்துள்ள நாட்கள்வரை வரம்பினுள் கட்டிவைத்தல் வேண்டும். பெருமழை வரும் அறிகுறி தோன்றும் நாளில் தெளித்தலாகாது. மருந்து விசிறியையும் வெற்றுக் கலன்களையும் வாய்க்காலிற் கழுவுதலும் கூடாது. கழுவிய நீரை மேட்டுநிலத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டத்தில் ஊற்றுக.