நேர்மை, இரக்கம், தாழ்ச்சி



ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்ப்பவை நேர்மை, இரக்கம், தாழ்ச்சி என்கிறார் இறைவாக்கினர் மீக்கா (6:8). இவை தனித்தனிப் பாடங்கள் அல்ல. நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமியின் வாழ்வில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

ஜார்க்கண்டில் பழங்குடி இளைஞர்கள் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடுவதைக் கண்டு மனம் இரங்கினார். இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை, விவரங்களைத் திரட்டி, அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இரக்கம் இப்படித்தான் நீதியாகிறது.

2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், அவரே கைதானார். தம்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்கவும் கைகள் ஒத்துழைக்கவில்லை. மும்பையை அடுத்த தலோஜா சிறையில் ஏழைக் கைதிகள் அவருடைய துணிகளைத் துவைத்தார்கள்; முழங்கால்களைப் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்காகச் செபிக்கும்படி கடிதம் எழுதினார். ஏழைகளுக்கு உதவியவர் ஏழைகளின் உதவியை நன்றியோடு ஏற்றார். அதுவே தாழ்ச்சி. விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அன்பர்களே, மகன் சிறையில் இருப்பதால் கோவிலுக்கு வரக் கூசும் தாய் நம் பங்கிலும் இருக்கலாம். அவர் வீட்டுக்குச் செல்வோம். ஜாமீனுக்கு வழி தெரியாமல் தவித்தால், நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் துணையாகப் போவோம். சிறையில் இருப்போரைத் தேடிச் செல்வது தம்மையே தேடி வருவது என்றார் இயேசு (மத்தேயு 25:36-40). அவரைக் காக்க வைக்க வேண்டாம்.