பீரங்கிகளை உருக்கி வார்த்த மணி

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஓடும் அடிஜே ஆற்றை ஒட்டி ரொவெரேத்தோ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் அது இத்தாலியில் இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. மக்கள் பேசியது இத்தாலிய மொழி. 1914இல் போர் மூண்டதும் அந்த வட்டாரத்து இளைஞர்கள் பேரரசின் படையில் சேர்க்கப்பட்டு, ரஷ்யாவை எதிர்த்துப் போரிட கலிசியாப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். வேறு சிலரோ எல்லை கடந்து போய் இத்தாலியப் படையில் சேர்ந்தார்கள். 1915இல் இத்தாலி போரில் இறங்கியதும் போர்முனை ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தபோது ஊரை ஆள்வது இத்தாலி என்றாகிவிட்டது. ஒரே மண்ணின் பிள்ளைகள் எதிரெதிர்ப் படைகளில் நின்று மடிந்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் யாருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவது? வென்ற தரப்புக்கு மட்டும் எழுப்பினால், பல குடும்பங்களின் துக்கத்துக்கு அதில் இடமிராது. அந்த ஊரின் பாதிரியார் அந்தோனியோ ரொஸ்ஸாரோ வேறொரு வழி கண்டார். மடிந்தவர் எந்தக் கொடியின்கீழ் நின்றிருந்தாலும் அவருக்காக ஒலிக்கும் ஒரு மணி. அதற்கான வெண்கலம் அந்தப் போரின் பீரங்கிகளிலிருந்தே வர வேண்டும் என்றார். போரிட்ட 19 நாடுகள் உலோகம் தந்தன. பகைவர்களாக இருந்தவர்களின் பீரங்கிகள் ஒரே உலையில் உருகின.

பீரங்கி வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. வெள்ளீயம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்க அந்த உறுதி வேண்டும். ஆனால் அந்தக் கலவையில் மணி வார்த்தால் நாதம் சரியாக எழாது. வெள்ளீயத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தினால்தான் உலோகம் கணீரென்று பேசும். அதற்கு ஒரு விலையும் உண்டு: வெள்ளீயம் கூடக் கூட உலோகம் எளிதில் விரிசல் காணும்.

1924 அக்டோபர் 30 அன்று திரென்தோ நகரில் மணி வார்க்கப்பட்டது. துயருறும் மரியாள் என்ற பொருளில் மரியா தோலென்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். புறப்பரப்பிலுள்ள புடைப்புச் சிற்பங்களை வடித்தவர் அந்தப் பகுதிச் சிற்பி ஸ்தெஃபானோ ட்ஸூயெக். 1925 அக்டோபர் 4ஆம் நாள், அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் முன்னிலையில், ஊர்க்கோட்டையின் மலிபியெரோ கோபுரத்திலிருந்து அது முதன்முதலாக ஒலித்தது. அந்தக் கோட்டையில் அப்போதே போர் அருங்காட்சியகம் இயங்கி வந்தது. கீழே ஆயுதங்கள், மேலே ஆயுதங்களிலிருந்து பிறந்த மணி.

அன்றைய மணி இன்று இல்லை. நாதத்தைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று 1939இல் வெரோனாவில் மறுபடி வார்த்தார்கள். 1940 மே மாதம் அது ஊர் திரும்பியது. ஜூன் 10 அன்று இத்தாலி இரண்டாம் உலகப் போரில் குதித்தது. முந்தைய போரில் மாண்டவர்களுக்காக எழுப்பிய மணி ஊர் திரும்பிய சில வாரங்களில், அடுத்த போருக்கு ஆள் திரட்டினார்கள். நினைவுச்சின்னத்தால் போரைத் தடுக்க முடியவில்லை என்ற உண்மையை ரொவெரேத்தோ நேருக்கு நேர் பார்த்தது.

ரொஸ்ஸாரோ 1952இல் காலமானார். 1960இல் மணியில் விரிசல் விழுந்தது. இனி இது போதும் என்று அதை ஒரு மூலையில் காட்சிப்பொருளாக வைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் அப்படி விடவில்லை. 1964இல் மூன்றாம் முறையாக வார்த்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 31 அன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் போப் ஆறாம் பவுல் அதற்கு ஆசி வழங்கினார். 1965 நவம்பர் 4 முதல் அதன் இடம் கோட்டை அல்ல, ஊருக்கு மேலே உள்ள மிராவல்லே குன்று. முதல் உலகப் போரில் பெற்ற வெற்றியை இத்தாலி நினைவுகூரும் நாள் நவம்பர் 4. அந்த நாளில், இரு தரப்பிலும் மாண்டவர்களுக்கான மணி குன்றேறியது.

இன்றைய மணியின் எடை 22 டன்னுக்கும் மேல், உயரம் 3.36 மீட்டர். மணிக்குச் செல்லும் வழியில் உலக நாடுகளின் கொடிகள் பறக்கின்றன. அன்று ஒரு போரில் மாண்டவர்களை மனத்தில் கொண்டு தொடங்கிய மணி, இன்று உலகின் எல்லாப் போர்களிலும் மாண்ட அனைவருக்காகவும் ஒலிக்கிறது. ஒவ்வோர் இரவும் 100 முறை.

உலகெங்கும் போர் நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் தம் நாட்டுப் பெயர்களை மட்டுமே கல்லில் பொறிக்கின்றன. எதிரியின் வீட்டிலும் ஒரு தாய் அழுதாள் என்பதற்கு அங்கே இடமில்லை. ரொவெரேத்தோவில் அந்த இடம் உண்டு. கல்லை ஒருமுறை நாட்டிவிட்டு நாம் வீடு திரும்பிவிடலாம். மணி அப்படி விடாது. அதை நாள்தோறும் ஒலிக்கச் செய்ய வேண்டும், விரிசல் விட்டால் மறுபடி உருக்க வேண்டும், அந்தச் செலவையும் உழைப்பையும் அடுத்த தலைமுறை மனமுவந்து ஏற்க வேண்டும். மூன்று முறை வார்த்த அந்த ஊர் ஏற்றிருக்கிறது. பொது இடத்தில் வைக்கும் எந்தக் கலைப்படைப்புக்கும் இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.