டாக்டர் செய்த அரக்குத் தொப்பி!

ஹெல்மெட் என்றதும் நம்மில் பல பேருக்கு டிராஃபிக் போலீஸ்காரர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதை முதலில் தலையில் மாட்டிவிட்டது ஒரு டாக்டர்! ரேஸ் மைதானத்தில் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்.

கார் ரேஸின் ஆரம்ப காலம் எப்படி இருந்தது தெரியுமா? அப்போது தனியாக ட்ராக் எல்லாம் கிடையாது. ஊருக்கு ஊர் போகிற சாதாரண ரோடுதான் பந்தயப் பாதை. 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு பந்தயம். இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. மிக வேகமாகப் போனவரின் சராசரி வேகமே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. டிரைவர் தலையில் துணித் தொப்பி, கண்ணுக்குப் புழுதிக் கண்ணாடி... அவ்வளவுதான். ஜனங்களோ தேர் பார்க்க வந்த மாதிரி ரோட்டை நெருக்கிக்கொண்டு நின்றார்கள்!

முன்னால் போகிற வண்டி கிளப்பிய புழுதியில் பாதை தெரியவில்லை. ரெனால்ட் கார் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனால்ட், இன்னொரு காரை முந்தப் போய் விபத்தில் சிக்கி இறந்தார். வேடிக்கை பார்த்தவர்களையும் சேர்த்துக் குறைந்தது எட்டுப் பேர் பலி. அரசாங்கம் போர்தோ நகரத்திலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடத் தடை! கார்களைக் குதிரை கட்டி இழுத்துப்போய் ரயிலேற்றினார்கள்.

இனி ரோடு வேண்டாம், தனி ட்ராக் போடலாம் என்ற யோசனை வலுத்தது. 1907-ல் இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் ட்ராக் திறந்தார்கள். அங்கேதான் வருகிறார் நம்ம டாக்டர், எரிக் கார்ட்னர்.

பைக் ரேஸில் விழுந்து வருகிறவர்களைப் பார்த்த அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. கை, கால் ஒடிந்தவர்கள் தேறிவிடுகிறார்கள். தலையில் அடிபட்டவர்களில் பலர் தேறுவதில்லை. கேன்வாஸ் துணியில் அரக்கு பூசி, கெட்டியாக ஒரு தொப்பி செய்ய வைத்தார். பந்தயம் நடத்தும் சங்கம் முதலில் முகம் சுளித்தது. பிறகு இறங்கி வந்து, 1914-ல் மேன் தீவு பைக் பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கியது. வருஷா வருஷம் வரும் மூளை அதிர்ச்சி கேஸ்கள் அந்த வருஷம் வரவில்லை என்று தீவின் மருத்துவ அதிகாரி அவருக்கு எழுதினாராம். (தொப்பி மந்திரக் கவசம் இல்லை. அந்தப் பந்தயத்திலும் ஒரு வீரர் இறந்துதான் போனார்.)

அது எப்படிக் காப்பாற்றுகிறது? மூளை நம் மண்டைக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை டக்கென்று மோதி நின்றாலும் மூளை உடனே நிற்காது. உள்ளேயே போய் எலும்பில் இடித்துக்கொள்ளும். ஹெல்மெட்டின் ஓடு அடியை ஒரே இடத்தில் விழவிடாமல் பரப்புகிறது. இன்றைய ஹெல்மெட்டில் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கி, வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் அது திரும்ப எழும்பாது. அதனால்தான் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றச் சொல்கிறார்கள். தாடைப் பட்டியை மாட்டாமல் போட்டால்? உங்களுக்கு முன்னால் அது பறந்து போய்விடும்!

ரேஸ்காரர்கள் போட்டுக்கொண்டார்கள், சரி. ரோட்டில் போகிறவர்கள்? 1935-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் கொண்டாடிய டி.ஈ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்கத் தன் பைக்கைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவே திரும்பாமல் இறந்துபோனார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். அந்தச் சாவு அவரை விடவில்லை. பைக் விபத்துகளை ஆராய்ந்து, 1941-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் அது கட்டாயமானது 1952-ல்தான். சீட் பெல்ட்டுக்கு இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. 'தீப்பிடித்தால் உள்ளே மாட்டிக்கொண்டு சாக வேண்டும், வெளியே தூக்கி எறியப்படுவதே மேல்' என்று டிரைவர்களே நம்பினார்கள்!

பிரிட்டனில் சாதாரண பைக்காரர்களுக்கு ஹெல்மெட் சட்டம் வந்தது 1973-ல். மேன் தீவில் அரக்குத் தொப்பி போட்டு 59 வருஷம் கழித்து.