இறங்கு கம்பியின் கணக்கு

உரிமம் வாங்கிச் சொந்த வானொலி நிலையம் நடத்தும் ஹாம்கள் ஆண்டெனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் உயரத்திலேயே நிற்கும். கம்பி எத்தனை மீட்டர், தரையிலிருந்து எவ்வளவு மேலே, எந்தத் திசை பார்த்து? நடுவில் வெட்டிய அந்தக் கம்பியிலிருந்து ரேடியோவுக்கு இறங்கும் இணைப்பின் நீளத்தைக் கேட்டால், மேசையை எட்டினால் போதாதா என்பார்கள். ஒரே பேண்டில், அதாவது ஒரே அலைவரிசைப் பட்டையில், பேசுபவருக்குப் போதும். ஒரே கம்பியை வைத்துக்கொண்டு நாலைந்து பேண்டுகளில் பேச ஆசைப்படுபவருக்குப் போதாது. அவருக்கு இறங்கு கம்பியும் ஆண்டெனாவின் ஓர் உறுப்புதான். மேல் கம்பியை அளந்து வெட்டுகிற அதே கவனத்தோடு அதையும் அளக்க வேண்டும்.

காரணம் மேல் கம்பியின் குணத்தில் இருக்கிறது. சுமார் 20 மீட்டர் நீளக் கம்பி 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலை நீளம். அதன் நடுவில் மின்னோட்டம் அதிகம், மின்னழுத்தம் குறைவு. இவ்விரண்டின் விகிதத்தைத்தான் இம்பீடன்ஸ் என்கிறோம். இங்கே அது ஏறத்தாழ 70 ஓம். இன்றைய ரேடியோக்கள் 50 ஓமுக்கென்று செய்யப்பட்டவை என்பதால் இதில் சண்டை இல்லை. அதே கம்பி 14 மெகாஹெர்ட்ஸில் முழு அலை நீளமாகிவிடுகிறது. இப்போது நடுவில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்க, மின்னோட்டம் ஒட்டிப்போகிறது; இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓமுக்குத் தாவுகிறது. 21 மெகாஹெர்ட்ஸில் திரும்பவும் சுமார் 100 ஓமுக்கு இறங்கி, 28-இல் மறுபடி ஆயிரங்களுக்கு ஏறுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கீழே கொண்டுவருவது இரட்டைக் கம்பி. எண்பதுகளில் தூர்தர்ஷனுக்கும், தென்கரையோர ஊர்களில் ரூபவாஹினிக்கும் மாடியில் நட்ட ஆண்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கிய தட்டையான ரிப்பன் வயரை நினைத்துக்கொள்ளுங்கள். அது 300 ஓம் வகை. ஹாம்கள் விரும்பும் ஏணிக் கம்பி அதற்கு அண்ணன்: இணையாகப் போகும் இரண்டு கம்பிகள், இடையிடையே ஏணிப்படி போலப் பிளாஸ்டிக் துண்டுகள், சொந்த இம்பீடன்ஸ் சுமார் 400 ஓம். மேலே 4000 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியில் இறங்கி வரும்போது இந்த எண் நிலையாக இருப்பதில்லை. கால் அலை தூரம் இறங்கினால் 40 ஓம், இன்னொரு கால் அலை இறங்கினால் மீண்டும் 4000. அதே 100 வாட் ஆற்றல் ஓரிடத்தில் 63 வோல்ட், 1.6 ஆம்பியராக இருக்கும். அங்கிருந்து கால் அலை தள்ளி 630 வோல்ட், 0.16 ஆம்பியராக இருக்கும். கம்பியை எந்த இடத்தில் முடிக்கிறோமோ, அந்த இடத்து எண்தான் ரேடியோவின் வாசலுக்கு வரும்.

ஆகவே எங்கே முடிப்பது என்பது கணக்கு. ஏணிக் கம்பிக்குள் அலை வெட்டவெளியில் போவதைவிடச் சற்று மெதுவாக, ஒளிவேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் போகிறது என்று கொண்டால், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை 19 மீட்டர். அரை அலைக்கு ஒருமுறை எண் அப்படியே திரும்பி வருவதால் மேலே உள்ள 70 ஓம் கீழேயும் 70 ஓம். 21-இல் அதே 19 மீட்டர் மூன்று அரை அலைகள். 100 ஓம் மாறாமல் வந்து சேரும், சமாளிக்கலாம். 14-இல் அது ஒரு முழு அலை. மேலே உள்ள 4000 ஓம் அப்படியே கீழே வந்து நிற்கும், ரேடியோ மறுத்துவிடும். கூட 4.8 மீட்டர் சேர்த்தால் கால் அலை கூடி, எண் 40-க்கு விழுகிறது. 28-க்கு 2.4 மீட்டர் சேர்த்தால் போதும். 19 மீட்டர் அடிப்படைக் கம்பி, உபரியாக இரண்டு துண்டு, நான்கு பேண்டுகள்! நடைமுறையில் கம்பியின் உயரம், பக்கத்துச் சுவர், முனைகளின் பாதிப்பு எல்லாம் சேர்ந்து இந்த எண்களை அங்கங்கே நகர்த்தும். அதனால் 1, 2, 4, 8, 16 அடி என ஐந்து துண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டு மாற்றிச் சேர்ப்பவர்களும் உண்டு. தராசுக்கடைப் படிக்கற்களின் உத்திதான்: ஐந்தே துண்டில் 0 முதல் 31 அடி வரை ஒவ்வோர் அடியும் கிடைக்கும்.

இதற்குப் பாடப்புத்தகம் படித்தவர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒன்று உண்டு. கம்பியில் உள்ள எஸ்.டபிள்யூ.ஆர், அதாவது இம்பீடன்ஸ் பொருந்தாமையைக் காட்டும் நிலையலை விகிதம், நீளத்தால் மாறாது; பிறகு நீளத்தை வெட்டி ஒட்டி என்ன பயன்? அவர்கள் சொல்லும் பாதி சரி. மேற்சொன்ன கம்பியில் அந்த விகிதம் எந்த இடத்திலும் 10-தான். ஆனால் மேசையில் இருக்கும் மீட்டர் 400 ஓமை வைத்து அளப்பதில்லை, 50 ஓமை வைத்து அளக்கிறது. 40 ஓம் வந்து நிற்கும் இடத்தில் அது 1.25 என்று காட்டுவது பொய்யல்ல. ரேடியோவுக்குத் தேவையானதும் அந்த எண்தான். இழப்பு மிகக் குறைந்த ஏணிக் கம்பியில் 10 என்ற விகிதம் பெரிய சேதம் செய்யாது.

ஆனால் இதே வித்தையைக் கோஆக்ஸ் கேபிளில் செய்வதை நான் ஏற்க மாட்டேன். 50 ஓம் கேபிளை 50 ஓம் மீட்டரால் அளக்கும்போது நீளத்தை மாற்றினால் அளவு மாறவே கூடாது. மாறினால் கேபிளின் வெளி உறையிலும் மின்னோட்டம் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். அல்லது கேபிள் நீண்டதால் இழப்பு கூடி, ஆண்டெனாவிலிருந்து திரும்பும் ஆற்றல் வழியிலேயே சூடாகிக் கரைந்து, மீட்டர் ஏமாந்து மகிழ்கிறது. கேபிளை வெட்டி எஸ்.டபிள்யூ.ஆரைச் சரிசெய்தேன் என்பவர் நோயைவிட்டு வெப்பமானியைத் திருத்தியவர்.

இம்பீடன்ஸைப் பொருத்தித்தரும் டியூனர் இருக்கும்போது இந்த வேலை எதற்கு என்பது அடுத்த கேள்வி. டியூனரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. ரேடியோவுக்குள்ளேயே வரும் தானியங்கி டியூனர்கள் பெரும்பாலும் 3 என்ற விகிதத்துக்கு மேல் கைவிரித்துவிடும். வெளியே வைக்கும் பெரிய டியூனரும் பல ஆயிரம் ஓமைச் சந்திக்கும்போது காயில் சூடாகலாம், கண்டென்சரில் பொறி பறக்கலாம். நீளத்தை நிதானமாகத் தேர்ந்தால் டியூனருக்கு எளிய வேலை மட்டும் மிஞ்சும்.

மாற்றவே வேண்டாம், நல்ல நிலையான நீளம் ஒன்று போதும் என்போருக்கு முன்னுதாரணம் இங்கிலாந்தின் லூயிஸ் வார்னி 1946-இல் வடிவமைத்த, அவருடைய அழைப்புக் குறியீட்டின் பெயரிலேயே உலகெங்கும் அறியப்படும் ஜி5ஆர்வி. மேலே 31.1 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலை; கீழே சுமார் 10.4 மீட்டர் திறந்த இரட்டைக் கம்பி, அதே பேண்டில் அரை அலை. 14-க்கு அருமை, மற்ற பேண்டுகளில் டியூனரின் தயவு வேண்டும். 1980-களில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் பிரையன் ஆஸ்டின் கணினியில் கணக்கிட்டு, மேல் கம்பியை ஏறக்குறைய 3 மீட்டர் குறைத்து, இறங்கு கம்பியைக் கூட்டினார். டியூனர் இல்லாமலே ஒத்துப்போகும் பேண்டுகளின் எண்ணிக்கை கூடியது. வார்னியின் ஆண்டெனாவில் சேர்த்த புதுப் பொருள் எதுவுமில்லை. இரண்டு நீளங்கள் மாறின, அவ்வளவுதான்.

தொல்லை இல்லாமலும் இல்லை. மிஞ்சிய ஏணிக் கம்பியைத் தரையில் சுருட்டிப் போட முடியாது. இரும்பு ஜன்னலையும் கைப்பிடிச் சுவரின் கம்பியையும் விட்டு ஒரு சாணாவது விலகி, கொடித்துணி போல வளைந்து தொங்க வேண்டும். மழையில் நனைந்தால் அதற்குள் அலையின் வேகம் சற்றுக் குறையும். வெயிலில் சரியாக இருந்த நீளம் ஐப்பசியில் கொஞ்சம் தள்ளிப்போகும். துண்டு மாற்றும்போது ஒலிபரப்பை நிறுத்தியாக வேண்டும்: தவறான நீளத்தில், துண்டை இணைக்கும் கிளிப்பின் நுனியில் நிற்பது 630 வோல்ட்.