காட்பாடி ரயிலில் போன இரத்தம்

1986 பிப்ரவரியில் ஓர் இரவு, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிர்மலா செல்லப்பன் கணவரோடு காட்பாடிக்கு ரயில் ஏறினார். கையோடு கொண்டுபோனவை இரத்த மாதிரிகள். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் இருந்தது. அங்கே ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. அவருடைய ஆசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டிய ஆய்வு அது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அந்த ஆய்வில்தான் தெரிந்தது. மலேசியாவிலும் முதல் நோயாளி கண்டறியப்பட்டது அதே ஆண்டில்தான்.

கிருமியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது உடம்பின் எதிர்ப்பாற்றலை எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிய வேண்டும். எச்.ஐ.வி. குறிவைப்பது சிடி4 எனப்படும் வெள்ளையணுக்களை. நலமான ஒருவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 500 முதல் 1,500 வரை இவை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கிவிட்டால் காசநோய், நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றும் உயிருக்கு உலை வைக்கும்.

இந்த அணுக்களை எண்ணுவதற்கு வழக்கமான கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர். ஒளிரும் சாயம் சேர்த்த அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் கதிரின் முன் ஓடவிட்டுக் கணக்கெடுக்கும். விலை அதிகம்; குளிரூட்டிய அறை, தடையில்லா மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். இரத்தத்தையும் ஓரிரு நாளுக்குள் சோதித்தாக வேண்டும். வைத்திருந்தால் கணக்கு தப்பிவிடும்.

இந்தச் செலவைக் குறைக்கும் வேலையில் சென்னைக்கு முக்கியமான பங்கு உண்டு. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், குறைந்த செலவில் கையாலேயே சிடி4 அணுக்களை எண்ணும் முறையைச் சோதித்து 2004-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இத்தகைய முறைகளில் ஒன்று மிக எளிமையானது. சிடி4 அணுவில் மட்டும் ஒட்டும் நுண்மணிகளை இரத்தத்தில் கலந்து, மணிகள் சூழ்ந்த அணுக்களைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது. மலேரியாவுக்கு இரத்தம் பார்த்த அதே மைக்ராஸ்கோப் போதும். ஆனால் கண் களைக்கும். ஒரு நாளில் சில பேருக்குத்தான் பார்க்க முடியும். இந்திய அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியதும் அதே 2004 ஏப்ரலில்தான். தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. யாருக்கு மருந்தை முதலில் தொடங்குவது என்பதை அப்போது பெரும்பாலும் சிடி4 எண்ணிக்கைதான் தீர்மானித்தது.

மலேசியாவில் உள்ள லிங்கி என்ற ஊரில் இருந்து பார்த்தால் விலையை விடத் தூரம்தான் பெரிதாகத் தெரியும். மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரி சிரம்பானில். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்ட வேலையில் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். இரத்தம் கொடுக்க ஒரு பயணம், ரிசல்ட் கேட்க இன்னொரு பயணம் என்றால் இரண்டாவது பயணம் நடக்காமல் போவதுதான் வழக்கம். மலேசிய அரசு ஆஸ்பத்திரிகளில் முதல்கட்ட மருந்து குடிமக்களுக்கு இலவசமாகக் கிடைத்தாலும், பஸ் காசும் கூலியும் நோயாளியின் கணக்கில்தான் சேர்கின்றன.

இந்தத் தூரத்தைக் குறைப்பதற்காக ஆஸ்திரேலியாவின் பர்னெட் ஆய்வு நிலையம் உருவாக்கியதுதான் விசிடெக்ட் பட்டை. கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் போன்றது. மின்சாரமோ கருவியோ தேவையில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை விட்டால் சுமார் 40 நிமிடத்தில் கோடு தெரியும். ஒப்பீட்டுக் கோட்டை விடச் சோதனைக் கோடு மங்கலாக இருந்தால் 200-க்குக் கீழே என்று பொருள். 200 என்ற வரம்பை வைத்துச் செய்த பட்டையை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அங்கீகரித்தது.

இப்போது சிடி4 எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து தொடங்கும் வரம்பு 200-ல் இருந்து 2010-ல் 350 ஆனது, 2013-ல் 500 ஆனது; 2015-ல் எண்ணைப் பார்க்காமல் எல்லோருக்கும் உடனே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவைச் சோதிப்பதே சிறந்தது. அதெல்லாம் சரி. ஆனால் தாமதமாக வருபவர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். 200-க்குக் கீழே போன பலர் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருப்பார்கள்; டாக்டரின் கண்ணுக்கும் தப்புவார்கள். மருந்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வருபவருக்கும் இதே ஆபத்து உண்டு.

பட்டைக்கும் குறை இருக்கிறது. மேலே, கீழே என்று மட்டுமே அது சொல்லும். 60-ல் இருந்த அணுக்கள் 150-க்கு ஏறியது தெரியாது. பக்கத்துக் கிளினிக்கில் சோதனை வந்தால் இன்னொரு சங்கடமும் சேரும். தோட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இரகசியம் காக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், நோயாளி சிரம்பான் பஸ்ஸையே தேர்ந்தெடுப்பார்; அவரைக் குறை சொல்ல முடியாது.

கோடு மங்கலாக வந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியவை உண்டு: காசநோய்க்குச் சிறுநீர்ச் சோதனை, மூளையைத் தாக்கும் பூஞ்சைக்கு இரத்தச் சோதனை, தொற்று வராமல் தடுக்கக் கோட்ரிமாக்சசோல் மாத்திரை. அந்த இரண்டு சோதனைகளுக்கும் பட்டைகள் வந்துவிட்டன. மூன்றையும் ஒரே கிளினிக்கில், நோயாளி வீடு திரும்பும் முன்பே முடித்துவிடலாம்.